எத்தனை நேர்காணல் என்பது முதல் கேள்வி அல்ல

எண்களை அல்லாமல் மக்களின் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வுக்கு வரும் முனைவர் பட்ட மாணவர்கள் முதலில் நேர்காணல் தரவை அடுக்கிப் பகுப்பாய உதவும் என்விவோ போன்ற மென்பொருளைப் பழக வேண்டும், 30 நேர்காணல் இருந்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல், தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் ‘அடித்தளக் கோட்பாடு’ என்ற முறையை முன்வைத்தபோது ‘நிறைவு’ என்று சொன்னது ஆட்களின் எண்ணிக்கையை அல்ல. ஒரு கருத்தாக்கத்துக்குப் புதிய தரவு எதையும் கூடுதலாகச் சேர்க்காத நிலையைத்தான். தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் கூடவே நடந்தால்தான் அந்த நிலை கண்ணில் படும். எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டு அப்புறம் குறியிடலாம், அதாவது பேச்சின் பகுதிகளுக்குக் கருத்துப் பெயர் கொடுக்கலாம் என்று இருந்தால், இடையில் கேள்விகளை மாற்றவும் வழியில்லை, அடுத்து யாரிடம் பேசுவது என்று யோசிக்கவும் வழியில்லை.

மென்பொருள் அடுக்கித் தரும், தேடித் தரும், சரி. ஆனால் முதல் சில ஒலிப்பதிவுகளையாவது மாணவரே கேட்டு எழுத வேண்டும். “வேலை பிடிச்சிருக்கு” என்று சொன்னவர் கொஞ்சம் நிறுத்தி, “வேற என்ன பண்றது” என்று முடிக்கிறார். அவசரத்தில் முதல் பாதி ‘பணித் திருப்தி’ என்ற குறியீட்டுக்குள் போய்விடும். அந்த நிறுத்தத்தைக் காதால் கேட்டவருக்குத்தான் அங்கே ஒரு கேள்வி கேட்காமல் விட்டது உறைக்கும். அதை அன்றைக்கே குறிப்பாக எழுதிவைக்க வேண்டும்.

வகுப்பில் ஒரே நேர்காணலின் எழுத்துப்படியை நான்கைந்து மாணவர்களிடம் தனித்தனியாகக் குறியிடச் சொல்லி, ஏன் வேறுபட்டார்கள் என்று பேசவிடுங்கள். மென்பொருள் பயிற்சியை அடுத்த பருவத்தில் வைத்துக்கொள்ளலாம்.