புத்தகத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவள்

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு வீடியோவாகவே வந்துவிட்டது. அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சைச் சேலை நான்தான். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை ஆபீசில் ஒருவர், "என்ன மேடம், இந்த வாரம் புத்தகத்தை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் எப்படி எழுதாமல் இருப்பது?

போன மாதம் நூலகத்தில் எத்தனை எடுத்தீர்கள் என்று பேச்சாளர் கேட்டார். மூன்று என்றேன். எத்தனை படித்தீர்கள் என்றார். ஒன்றில் 40 பக்கம், அதற்குமேல் நேரமில்லை என்று உண்மையைச் சொன்னேன். அது சோம்பேறித்தனம், நீங்கள் புத்தகத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவர் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றையும் முடித்தேன் என்று புளுகியிருந்தால் கைதட்டு வாங்கியிருப்பேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தாலும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது தப்பில்லை. தப்பே இல்லை.

குரோம்பேட்டையில் காலை வண்டி ஏறினால் ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை பையில். மூன்றாவது கை இருந்தால் புத்தகம் பிடிக்கலாம். கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்கும். சைதாப்பேட்டையில் திறந்தால் சேத்துப்பட்டில் மூடவேண்டும், அடுத்தது எழும்பூர். அந்த 40 பக்கமும் அப்படிச் சேர்த்ததுதான். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகக் கிளை நூலகத்துக்குப் போனால் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை வேறு.

"நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டால் உண்மையாகப் படிக்கிறவனுக்குக் கிடைக்காதே" என்று சிலர் வருவீர்கள். நியாயமான கேள்வி. இப்போது என் மேசையில் இருக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறேன். பழுப்பேறிய தேதிச் சீட்டு, ஒரு ஓரம் கரையான் தின்றது. என் தேதிக்கு மேலே இருக்கும் முத்திரை 2014. அதற்கு மேலே 2009. உண்மையாகப் படிக்கிறவர்கள் இத்தனை வருடம் எங்கே போயிருந்தார்கள்? நான் எடுத்த அன்றைக்குத்தான் எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்களா?

"செல்போன் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறதா?" ஆமாம், பார்க்கிறேன். இந்தப் பதிவையே அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். சரி, அடுத்தது. "காதில் மாட்டிக்கொண்டு ஒலிப்புத்தகம் கேட்கலாமே" என்பவர்கள் என் மாமியார் கூப்பிட்டு எனக்குக் காது கேட்காமல் போனால் என்ன நடக்கும் என்று ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

சின்ன வயதில் அம்மாவுக்கு நூலகத்தில் புத்தகம் எடுத்துவருவது என் வேலை. அம்மா தீக்குச்சியைப் பக்க அடையாளமாக வைப்பாள். தீக்குச்சி நகரவே நகராது. ஒரு தடித்த நாவலைப் பொங்கலுக்கு எடுத்து, சித்திரை வரைக்கும் மறுபடி மறுபடி தேதி போட்டு வாங்கினேன். நூலகர் சிரித்துக்கொண்டே, "அம்மா இன்னும் ஆற்றைத் தாண்டலையா?" என்பார். கதையில் ஒரு ஆறு வரும். அவரும் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கதையை நான்தான் சத்தமாகப் படித்தேன். அம்மா குழவியை நிறுத்தாமல், "மெல்லப் படி, மெல்லப் படி" என்றாள். அவளையும் ஊர் சுற்றிக் காட்டுகிறவள் என்பீர்களா? அந்த நூலகர் ஒருநாளும் சொன்னதில்லை.

நூலகத்துக்காகவே வாழ்ந்த நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வாசகருக்கு நேரப் பஞ்சம் என்று நூலகம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். நம் பேச்சாளருக்கு அது சோம்பேறித்தனம். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதாவது, புத்தகத்துக்கு ஊர் சுற்றிக் காட்டினார்கள். அதற்கும் சிரித்துவிடலாமா ஐயா? சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் வருகிறதே, அதை நானும்தான் கட்டுகிறேன். 40 பக்கத்துக்கு மேல் படிப்பவர்கள் மட்டும் கட்டினால் போதும் என்று அதில் போடவில்லை.

வீடியோவில் வெட்டிப்போட்ட ஒரு பகுதி இருக்கிறது. தினம் நூறு பக்கம் படிக்க எப்படி முடிகிறது என்று ஒரு பையன் பேச்சாளரைக் கேட்டான். காலை நான்கரை மணிக்கு எழுந்துவிடுவாராம். "என் மனைவி காபியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், ஒரு சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதுதான் இன்னும் குத்துகிறது. அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அவர் எத்தனை பக்கம் படிக்கிறார் என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்டிருக்கவேண்டும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து பால் காய்ச்சும்போதுதான் தோன்றியது.

"இப்படித்தான் எல்லாவற்றிலும் ஆண் பெண் என்று கொண்டுவந்து நிறுத்துவீர்கள்" என்று எழுதப்போகிறவர்கள் எழுதுங்கள். என் கணவர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு, "உனக்குத்தான் டைம் மேனேஜ்மெண்ட் தெரியல" என்பார்.

வியாழக்கிழமை புத்தகத்துக்குக் கெடு. 58-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். முடியாது. மறுபடி தேதி போட்டு வாங்கப்போகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்ட தோழிக்கு: வருகிறேன். புத்தகத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். பாவம், 2014-க்கு அப்புறம் அது வெளியே போனதே இல்லை.