22 நிமிஷப் படம்தானே சார்?

"22 நிமிஷப் படம்தானே சார், ஒரு வாரம் போதுமே?"

போதாது. இப்படிக் கேட்டுவிட்டு அந்த மனிதர் எடிட்டரான என் மேசையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிட்டுப் போனார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம். உள்ளே 140 மணி நேர ஃபுட்டேஜ், அதாவது வெட்டாத படப்பதிவு. தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் பார்த்து முடிக்கவே பதினேழரை நாள் ஆகும். ஒரு கட் போடுவதற்கு முன்னால், வெறுமனே பார்ப்பதற்கு! ஆனால் கூலி மட்டும் முடிந்த படத்தின் நிமிடக் கணக்கில். ஒரு வண்டிக் கரும்பை இறக்கிவிட்டு, "ஒரு டம்ளர் ஜூஸுக்குத்தான் காசு" என்றால் மிஷின் சுற்றுகிறவர் சும்மா விடுவாரா?

கதைப்படத்துக்காவது ஸ்கிரிப்ட் இருக்கும், கிளாப் அடித்திருப்பார்கள், எந்த சீனுக்கு எந்த டேக் என்று யாராவது குறித்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு வருவது மூட்டை. ஒலி தனி ரெக்கார்டரில் கிடக்கும், படத்தோடு பொருத்தி சிங்க் பண்ண ஒரு கைதட்டல்கூட இருக்காது. கேமராவில் தேதியே செட் பண்ணியிருக்க மாட்டார்கள். எல்லா கிளிப்பும் ஜனவரி 1 என்று பல்லிளிக்கும். ஒரு பாட்டி இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். படத்துக்கு உயிரான ஒரே ஒரு வரியை, டீ வந்த சந்தடியில் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார். அதைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கதை கட்டுவது யார்? இயக்குநர் எழுதாமல் விட்ட திரைக்கதையை நாங்கள் டைம்லைனில் எழுதுகிறோம். ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'வெட்டி ஒட்டுறது'.

அப்புறம் திருத்தம். "அந்தம்மா திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்களே, அந்த ஷாட்டை ஏன் வைக்கலை?" இல்லை சார். மூன்று நாள் தேடிவிட்டேன். அந்தம்மா சிரித்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், அப்போது கேமரா ஓடவில்லை. இதைச் சொன்னால் நான்தான் அழித்துவிட்டேன் என்பதுபோல ஒரு பார்வை.

1994இல் வந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' என்ற அமெரிக்க ஆவணப்படத்துக்கு சுமார் 250 மணி நேரம் எடுத்தார்கள். வெட்டி நின்றது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையில் 'ஃபாரஸ்ட் கம்ப்', 'பல்ப் ஃபிக்ஷன்' எல்லாவற்றோடும் சேர்ந்து நின்றது அந்தப் படம். விருது 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்துக்குப் போனது, போகட்டும். இது வேலைதான் என்று அங்கே ஒத்துக்கொண்டார்களே!

இங்கே ரஃப் கட், அதாவது முதல் தொகுப்பு, ஐந்து தடவை மாறிவிட்டது. மீதிப் பணம் 'ஃபெஸ்டிவல் முடியட்டும்' என்று நிற்கிறது. இன்று காலை வாட்ஸ்அப்பில் அவர்தான்: "சார், அப்படியே ஒரு டீசர் போட்டுக் கொடுத்துடுங்க. 30 செகண்ட்தானே."

அவர் கணக்குப்படி அதற்கு அரை நிமிடக் கூலி.