சொந்த ஊர் எதுன்னு கேட்டா

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆபீஸில் பேச்சு ஆரம்பித்துவிடும். "ஊருக்கு எப்போ கிளம்புறீங்க?" நான் எங்கேயும் போகவில்லை என்பேன். "உங்க ஊர் எது?" தண்டையார்பேட்டை. "அது சரி, சொந்த ஊரு?" தண்டையார்பேட்டைதான். என் ஆயா பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டை. தாத்தா காசிமேட்டுக்காரர். அதற்கு முன்னால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

போன மாதம் வாடகை பற்றிப் பேச்சு வந்தபோது கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார்: "மெட்ராஸ் கட்டுப்படியாகலைன்னா பேசாம ஊர்ப் பக்கம் போயிடுங்க மேடம். பாதி விலையில வீடு வாங்கிடலாம்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எந்த ஊர்ப் பக்கம்? இதுதானே என் ஊர்? அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகும் ஆசை எனக்கும் உண்டு. சமையற்கட்டை ஒழித்துவிட்டுப் படுத்தால் கை தானாகவே போனில் வீட்டு விளம்பரங்களைத் திறக்கும். கும்பகோணத்தில் திண்ணை வைத்த பழைய வீடு, கோத்தகிரியில் ஓட்டு வீடு, திருச்சியில் தனி வீடு என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நம் ஊரில் கிரவுண்ட், சதுர அடி என்று பேசியே பழகிவிட்டோம். தெற்கே போனால் எல்லாம் சென்ட் கணக்கு. ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம், ஒரு கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட் என்று இப்போது மனக்கணக்காகவே வருகிறது.

பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் புரிந்தன. கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஐடி கம்பெனிகள் வந்தன, வீட்டு விலை சென்னையைத் துரத்த ஆரம்பித்துவிட்டது. ஓசூருக்கு பெங்களூரு பக்கத்தில் இருப்பதே போதும். நாகர்கோவில் எனக்கு ஆச்சரியம். பெரிய கம்பெனி என்று அங்கே அதிகம் இல்லை, ஆனால் சென்ட் விலை மூச்சு முட்ட வைக்கிறது. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் கடல், நடுவில் இருப்பதே கொஞ்சம் மனைதான். அதற்கு மேல் வெளிநாட்டுப் பணம் வேறு.

இந்தப் பழக்கம் ஆரம்பித்த இடம் இலஞ்சி. 2022-ல் சாரல் சீசனுக்குக் குற்றாலம் போனோம். பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் தென்காசியில் இறங்கினால் முகத்தில் அடித்த காற்றே வேறு. இலஞ்சியில் வீட்டுக்காரரின் நண்பருடைய உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். அடுத்த தெருவில் ஒரு வீடு விலைக்கு இருந்தது. மூன்று சென்ட் மனை, கீழ்த்தளம் மட்டும், பின்னால் ஒரு கொய்யா மரம். ஜன்னலைத் திறந்தேன். எதிரே வயல், அதற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை, மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்ததும் உடனே சாத்தத் தோன்றாத இடத்தில் என் வாழ்க்கையில் அதுவரை நின்றதில்லை. 38 லட்சம் சொன்னார்கள்.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீடு போன வருடம் 50 லட்சத்துக்குப் போனது. பழைய கட்டடம், 700 சதுர அடி, மனையில் பிரிக்காத பங்கு 350 சதுர அடி. அதை நாங்களே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பேங்க் 80 சதவீதம்தான் கொடுக்கும். அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் கையில் வேண்டும். பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அது நாலரை லட்சம். கடனுக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 34,700 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது 83 லட்சம். எனக்கு இப்போது 44 வயது. கடைசித் தவணை கட்டும்போது 64 ஆகியிருக்கும்.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து 50,000. தவணை போக மிச்சமாகும் 15,300-ல் பையன் படிப்பு, அம்மாவின் மருந்து, அரிசி, பருப்பு எல்லாம். அதனால் வாங்கவில்லை.

அப்போ இலஞ்சிதானே சரி? அந்தக் கணக்கையும் போட்டேன். தென்காசியில் கடைக் கணக்கு எழுத எவ்வளவு தருவார்கள் என்று விசாரித்தேன். பத்து, பதினோராயிரம் என்றார்கள். லேத் வேலைக்கு நல்ல இடமாகக் கிடைத்தால் 15,000. சேர்த்தால் 26,000. இங்கே 50 லட்சம் வீடு எங்கள் இருவரின் 100 மாதச் சம்பளம். அங்கே 38 லட்சம் வீடு 146 மாதச் சம்பளம். நோட்டில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்குத்தான் அந்த வீடு மலிவு. அங்கேயே சம்பாதித்து அங்கேயே வாங்க நினைப்பவர்களுக்கு, நமக்குத் தண்டையார்பேட்டை எவ்வளவு எட்டாத உயரமோ, அதைவிட உயரம்.

இதை என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நாங்கள் தங்கிய வீட்டுப் பெண். தனியார் பள்ளியில் டீச்சர், அப்போது சம்பளம் 9,000. ஆசையாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டின் விலையைச் சொல்லி, "பரவாயில்லையே, கம்மியா இருக்கே"ன்னு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க மெட்ராஸ்காரங்க வந்து வந்து கேட்டுத்தான்க்கா இங்க வெல ஏறிப்போச்சு. எங்க அண்ணன் நாலு வருசமா எடம் பாக்கான், ஒண்ணும் அமையல" என்றாள். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. நான் ராத்திரி கனவு காண்கிற ஜன்னலுக்குப் பின்னால் அந்த ஊர்ப் பையன் ஒருவன் நான்கு வருடமாக மனை தேடிக்கொண்டிருக்கிறான்.

ஏனென்றால் அவன் நிலைமை எங்களுக்குத் தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு கால் கிரவுண்ட், 600 சதுர அடி. ஓட்டு வீடாக இருந்ததைத் தாத்தா துறைமுகத்தில் சுமை தூக்கிச் சேர்த்த காசில் மாடி வீடாக்கினார். தாத்தா போனபின் பங்கு ஐந்து. 600 சதுர அடியை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 120. அதில் யார் என்ன கட்ட முடியும்? 2011-ல் 30 லட்சத்துக்கு விற்றார்கள். நைனா கைக்கு 6 லட்சம் வந்தது. என் கல்யாணக் கடனும் தம்பி படிப்புக் கடனும் அதில் அடைந்தன. பத்திரம் எழுதிவிட்டு வந்த அன்று ஆயா யாரோடும் பேசவில்லை. இப்போது அதே சந்தில் சதுர அடி 12,000 என்று புரோக்கர் சொல்கிறார். அதாவது வெறும் மனையே 72 லட்சம். அந்த ஐந்து குடும்பத்தில் ஒருவர்கூட இன்று அந்தத் தெருவில் இல்லை. மாதவரம், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று வடக்கே வடக்கே தள்ளிப் போய்விட்டார்கள். வடசென்னையில் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி ஒரு பாகப்பிரிவினைக் கதை இருக்கும்.

வடசென்னை மலிவு என்று தெற்கே இருப்பவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அண்ணா நகரையும் அடையாற்றையும் வைத்துப் பார்த்தால் இங்கே சதுர அடி விலை கம்மிதான். ஏன் கம்மி? 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. பிறகு உரம், ரசாயனம், நிலக்கரி, இரண்டாவதாக ஒரு துறைமுகம். நகரத்துக் குப்பையில் ஒரு பெரும்பங்கு கொடுங்கையூருக்கு வருகிறது, 300 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைக் கிடங்கு அது. மொத்த ஊருக்கும் மின்சாரமும் பெட்ரோலும் வேண்டும், குப்பை போட இடமும் வேண்டும். அதெல்லாம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, எண்ணூர் சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தது. வடசென்னை மலிவு என்றால் அந்த மலிவுக்கு நாங்கள் எங்கள் நுரையீரலில் விலை கொடுத்திருக்கிறோம்.

இப்போது அந்த மலிவும் போகிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. எவ்வளவு காத்திருந்தோம் என்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்று வேலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. நல்ல ரயில் எங்களுக்குத் திரும்பி வர இத்தனை வருடம் ஆனது. மெட்ரோ வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் ஸ்டேஷன் திறந்த கொஞ்ச நாளிலேயே "மெட்ரோவுக்கு 5 நிமிட நடை" என்று போர்டு வைத்து விலையை ஏற்றிவிட்டார்கள். புகை அப்படியே இருக்கிறது, குப்பை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, விலை மட்டும் முன்னால் ஓடுகிறது. ஐம்பது வருடம் புகையைக் குடித்தவர்கள், ஊர் நன்றாக ஆகும் நேரத்தில் இங்கே இருக்க முடியாமல் போவார்கள் என்றுதான் எனக்குப் பயம்.

நான் சும்மா பயப்படவில்லை. பெரம்பூர் பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. 1996-ல் மில் மூடியது. இன்று அந்த மண்ணில் உயர உயரமான அடுக்குமாடிகள். அங்கே தறி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேரால் அதில் ஒரு வீடு வாங்க முடியும்? இன்னொரு பக்கம், கால்வாய்க் கரையில் குடியிருந்த என் பள்ளித் தோழியின் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். வீடு கிடைத்தது உண்மை. ஆனால் அவள் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்றுக்கொண்டிருந்தவர். விடிகாலை ஏலத்துக்கு அங்கிருந்து எப்படி வருவார்? வியாபாரத்தையே விட்டுவிட்டார்.

சரி, ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன்? என் பதில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1994-ல் துறைமுகத்தில் இரும்புக் கயிறு இழுத்து நைனாவின் வலது கை நசுங்கியது. ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். மூன்று ஆபரேஷன். ஒரு பைசா கேட்கவில்லை. அதற்குப் பிறகு 22 வருடம் நைனா அந்தக் கையால்தான் சாப்பிட்டார், அந்தக் கையால்தான் என் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவினார். இன்று அம்மா சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் அங்கேதான் போகிறாள். ஷேர் ஆட்டோவில் பத்து, பதினைந்து நிமிடம். தென்காசியிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, சாதாரண வைத்தியத்துக்குக் குறையில்லை. பெரிய விஷயம் என்றால் 50 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலி போக வேண்டும். அம்மாவை நடு ராத்திரியில் அவ்வளவு தூரம் கொண்டுபோவதை நினைத்தாலே எனக்கு அந்த ஜன்னல் மறந்துவிடுகிறது.

அதனால் இனிமேல் "ஊர்ப் பக்கம் போங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எங்களுக்கு வேண்டியது இங்கேயே இருக்க ஒரு வழி. வடசென்னையில் அரசு இடம் காலியாகும்போது, இங்கேயே வேலை செய்கிற குடும்பங்களுக்கு வாடகை வீடாகவாவது கட்டிக் கொடுங்கள். கொடுங்கையூரில் குப்பை எரி உலை வேண்டாம் என்று மனிதச் சங்கிலியாக நின்ற மக்களின் பேச்சைக் கேளுங்கள். தென்காசியிலும் ஒரு டீச்சருக்கு வீடு கட்டுகிற அளவுக்குச் சம்பளம் கிடைக்கட்டும், பெரிய ஆஸ்பத்திரி வரட்டும். அப்படி நடந்தால் அவரவர் ஊரில் அவரவர் இருப்பார்கள். என்னை மாதிரி ஆட்கள் போய் அவர்கள் விலையை ஏற்ற வேண்டியிருக்காது.

இதற்கிடையில் வீட்டுக்காரம்மா வாடகையை 14,000-லிருந்து 17,000 ஆக்கிவிட்டார். பத்து மாத அட்வான்ஸ் என்பதால் அதற்கும் 30,000 சேர்த்துத் தர வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று 2017-ம் வருடச் சட்டம் சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னால், "ஒப்பந்தத்துல பத்து மாசம்னு கையெழுத்து போட்டுத்தானே வந்தீங்க" என்கிறார். போட்டோம். போடாவிட்டால் வீடு கிடைத்திருக்காது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூர்ப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். வாடகை 11,000, மெட்ரோ பக்கம். காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அம்மா விடவில்லை. "பகல்ல எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும். பொழுது சாஞ்சப்புறம் போய் ஜன்னலத் தொறந்து வச்சிட்டு அர மணி நேரம் ஒக்காந்து பாருங்க. காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியும்."

சாயங்காலம்தான் போகிறோம்.