சந்தாப் பேரேடு யார் கையில் இருக்கிறது?

மாதத்தில் இரண்டு நாள் எங்கள் அலுவலகம் முழுக்கப் பசை வாசம் அடிக்கும். அச்சகத்திலிருந்து இதழ் வந்து இறங்கியதும் மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போடுவோம். ஒருவர் மடிப்பார், ஒருவர் பழுப்புத் தாளைச் சுற்றுவார், நான் முகவரிச் சீட்டை ஒட்டுவேன். பின்கோடு வாரியாகப் பிரித்து, சணலால் கட்டி, சாயங்காலத்துக்குள் ஆர்எம்எஸ் என்கிற ரயில் அஞ்சல் அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். பதிவு பெற்ற இதழுக்கு அஞ்சல் கட்டணத்தில் சலுகை உண்டு. குறித்த தேதியில் போய்ச் சேராவிட்டால் அது கைவிட்டுப் போகும். அந்த இரண்டு நாளும் எல்லோருக்கும் நின்றுகொண்டேதான் சாப்பாடு.

ஒரு சிற்றிதழின் சந்தாவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். என்னிடம் ஒரு நீளப் பேரேடு இருந்தது. சந்தா எண், பெயர், முகவரி, பணம் வந்த தேதி, சந்தா முடியும் மாதம். ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்: “மகள் வீட்டுக்கு மாறிவிட்டார்.” “இனி ஊர் நூலகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்.” “மார்ச்சில்தான் பணம் வரும், அதுவரை நிறுத்த வேண்டாம்.” இந்தக் கடைசிக் குறிப்பு ஒரே ஆளின் பெயருக்கு எதிரில் ஆறு வருடம் இருந்தது. ஆறு வருடமும் மார்ச்சில் பணம் வந்தது.

இப்போது வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மின்னூல் செய்து கொடுக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டதால் இதை எழுதத் தோன்றுகிறது. பத்திரிகைகளும் பதிப்பகங்களும் டிஜிட்டலுக்கு மாறுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே அச்சு நல்லதா, திரை நல்லதா என்றுதான் விவாதம் ஓடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது: அந்தப் பேரேடு இப்போது யாரிடம் இருக்கிறது?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் பத்திரிகைகளுக்கென்று ஒரு கடை இருந்தது. மாதச் சந்தா கட்டினால் இதழ் தானாகக் கருவிக்கு வந்துவிடும். 2022 டிசம்பரில் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2023 செப்டம்பரோடு எல்லாம் முடிந்தது. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்று ஒரு அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், 2006-லிருந்து வருகிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். விரும்புகிறவர்கள் கட்டும் சந்தாதான் அதைத் தாங்குகிறது. அந்தச் சந்தாவில் பெரும்பங்கு கிண்டில் வழியாக வந்துகொண்டிருந்தது. கடை மூடப்போகிறது என்றதும் அதன் ஆசிரியர் நீல் கிளார்க், வேறு வழியில் சந்தாவைத் தொடருங்கள் என்று வாசகர்களிடம் பொதுவெளியில் மன்றாட வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்தச் சந்தாதாரர்கள் யார் என்று அவருக்கே தெரியாது. பணம் மாதாமாதம் வந்தது, பெயர்கள் வரவில்லை. “உங்கள் சந்தா முடியப்போகிறது” என்று ஒரு கடிதம் போடக்கூட முகவரி இல்லை. இதைப் படித்த அன்று என் பழைய பேரேடுதான் நினைவுக்கு வந்தது.

ஒரே கட்டணத்தில் ஆயிரக்கணக்கான இதழ்களைப் படிக்கலாம் என்கிற செயலிகளும் இதே வகைதான். 2011-ல் கிரீஷ் ராம்தாஸும் விஜயகுமார் ராதாகிருஷ்ணனும் தொடங்கிய மேக்ஸ்டர் நமக்குப் பழக்கமானது. 2019-ல் வந்த ஆப்பிள் நியூஸ் பிளஸ் இன்னொன்று. வாசகருக்கு இவை நல்ல வசதி, மறுக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா இப்படி ஒரு செயலியில்தான் தமிழ் வார இதழ்களைப் படிக்கிறாள். தபாலில் என்றால் தீபாவளி மலர் பொங்கலுக்குத்தான் கிடைக்கும். ஆனால் அவள் யாருடைய வாசகி? பத்திரிகை ஆபீஸில் கேட்டால் அவள் பெயர் அங்கே இருக்காது.

புத்தகப் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் சிக்கல். தமிழ் மின்னூல்களுக்கு கிண்டில் கதவைத் திறந்தது 2016 டிசம்பரில். அதனால் பலருக்கு நன்மை நடந்தது. பதிப்பாளர் கிடைக்காதவர்கள் நேரடியாகப் புத்தகம் போட்டார்கள், பதிப்பில் இல்லாத நாவல்கள் திரும்ப வந்தன. ஆனால் மாதக் கட்டணம் கட்டி எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் 2015 ஜூலையிலிருந்து வாசகர் புரட்டிய பக்கங்களுக்குத்தான் பணம். மாதாமாதம் அவர்கள் ஒதுக்கும் தொகையைப் படிக்கப்பட்ட பக்கங்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். நேரடியாகப் போடுகிறவர் இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் அந்த மின்னூலை வேறு எங்கும், சொந்த இணையதளத்தில்கூட, விற்கக் கூடாது. நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்பை ஒருவர் ஒரு வாரம் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாலும் நாற்பது பக்கத்துக்குத்தான் காசு. ஒரே மூச்சில் ஓடும் அறுநூறு பக்கத் தொடர்கதைக்கு அந்த ஏற்பாடு ஏற்றது. கவிதைக்கும் கட்டுரைக்கும் அது ஏற்றதல்ல. என்னிடம் ஆலோசனை கேட்கிற கவிஞர்களிடம் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

மின்னூலுக்குச் செலவே இல்லை என்று நினைக்கும் பதிப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய புத்தகங்கள் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு அல்லாத ஏதோ ஓர் எழுத்துருவில் கிடக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஔவையார் என்று தேடுங்கள், ஒன்றும் வராது. உள்ளே அது ‘ஒ’ என்ற எழுத்தும் ‘ள’ என்ற எழுத்தும் பக்கத்தில் நின்று ‘ஒளவையார்’ ஆகியிருக்கும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று, கணினிக்கு வேறு சொல். ‘கௌரி’யும் அப்படித்தான், ‘கெளரி’யாகிவிடும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்பதைக் குறிக்கும் பழைய தமிழ் எண் ‘௭’ உட்கார்ந்திருக்கும். முந்நூறு பக்க நாவலில் இவற்றையெல்லாம் களைய எனக்கு நான்கு நாள் ஆகிறது. அதைச் செய்யாமல் வெளியிட்டால் தேடுகிறவர் கண்ணில் அந்தப் புத்தகம் படவே படாது.

அச்சிலேயே இருந்துவிடலாமே என்றால் அதுவும் சுலபமில்லை. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டது. சிறு பதிப்பகங்கள் வெளியூருக்குக் குறைந்த செலவில் புத்தகம் அனுப்பியது அதில்தான். திரைப்பக்கம் வரியும் இடிக்கிறது. அச்சுப் புத்தகத்துக்கும் இதழுக்கும் விற்பனையில் ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு 2018 ஜூலையில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் அதற்கு அச்சு வடிவம் இருக்க வேண்டும். இணைய இதழின் சந்தாவுக்கு 18 சதவீதம். எழுதியவர் ஒருவர், எழுத்து ஒன்று, தாளில் வந்தால் வரியில்லை, திரையில் வந்தால் இவ்வளவு வரி! இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பதிப்பாளர்கள் சேர்ந்து உரக்கக் கேட்க வேண்டிய விஷயம் இது.

1941-ல் தொடங்கிய கல்கி 2020 ஊரடங்கின்போது அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் அம்மா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகளில் பாதி கல்கியிலிருந்து கிழித்தவை, அதனால் அந்தச் செய்தி எனக்குச் சொந்த வீட்டுத் துக்கம் மாதிரி இருந்தது. அமெரிக்காவில் நியூஸ்வீக் 2012-ஓடு அச்சை நிறுத்தி, 2014 மார்ச்சில் திரும்ப வந்தது. விளம்பரத்தை நம்பாமல், கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கும் வாசகர்களை நம்பியே வருகிறோம் என்றார்கள். அந்தப் பத்திரிகையின் பிற்காலக் கதை வேறு. ஆனால் அந்தக் கணக்கு சரியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

திரையை மட்டும் நம்புவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் என்ற இணைய இதழின் அட்டையில் வந்த கார்ட்டூனுக்காக விகடன் தளமே முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு, முடக்கத்தை நீக்கச் சொன்னது. இடைப்பட்ட நாட்களில் சந்தா கட்டியிருந்தவர்களும் பழைய கட்டுரைகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். ஒரே ஒரு படத்துக்காக! அச்சிட்டு வீடு போய்ச் சேர்ந்த இதழை யாரும் அப்படி அலமாரியிலிருந்து எடுத்துப் போக முடியாது.

அப்போ என்ன செய்யலாம்? என்னிடம் வரும் சிறு பதிப்பகங்களுக்கு நான் சொல்வது இதுதான். எல்லாக் கடையிலும் புத்தகத்தை வையுங்கள், அதோடு சொந்தமாக ஒரு வாசலும் திறந்து வையுங்கள். முன்வெளியீட்டுத் திட்டம் தமிழ்ப் பதிப்புலகத்துக்குப் புதிதில்லை; புத்தகம் வெளிவரும் முன்பே பணம் கட்டுகிறவரின் பெயர், முகவரி, செல்பேசி எண் எல்லாம் நேராக உங்களிடம் வருகிற வழி அது. இப்போது ஜிபே வந்தபிறகு மணியார்டர் படிவம்கூட வேண்டாம். கேட்பு வரும் அளவுக்கு ஐம்பது, நூறு பிரதிகள் அச்சிட்டுக்கொள்ளலாம், ஆயிரம் போட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டியதில்லை. புத்தகக் கண்காட்சியில் பில் போடும்போது ஒரு நோட்டை நீட்டி, விருப்பமிருந்தால் பெயரும் எண்ணும் எழுதுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த இதழ் நின்று சில வருடம் ஆகிறது. போன மாதம் அதன் ஆசிரியர் கூப்பிட்டு, காலாண்டிதழாக, இணையத்திலும் அச்சிலுமாகத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்டார். பேரேட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார், ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. எண் எழுதியிருக்கிறவர்களை ஒவ்வொருவராக அழைத்து வருகிறேன். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. சில வீடுகளில் பிள்ளைகள் எடுத்து, அப்பா இல்லை என்கிறார்கள். அந்த மார்ச் மாதக்காரர் எடுத்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது சரியாகக் கேட்கவில்லை. இரண்டு முறை இதழின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். “பணம் எப்போ அனுப்பணும், மார்ச்சிலேயா?” என்றார்.

கட்ட வேண்டாம் ஐயா, முதல் இதழ் வரட்டும் என்றேன். முகவரி அதேதானா என்று கேட்டு, பேரேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.