பாரிஷ் கவுன்சிலில் ஒரு நாற்காலி காலி

இங்கிலாந்தில் உள்ளாட்சிக்கு நாங்கள் கட்டும் வரிக்குக் கவுன்சில் டாக்ஸ் என்று பெயர். அதன் பில் வந்தால் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு டிராயரில் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மூன்று வருடம் முன்பு ஒருநாள் முழுதாகப் படித்தேன். கவுண்டி என்ற பெரிய உள்ளாட்சி, அதற்கு அடுத்த நிலையான டிஸ்ட்ரிக்ட், போலீஸ் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தொகை, பக்கத்தில் ‘பாரிஷ் கவுன்சில்’ என்று இருந்தது. பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியாயிற்றே, நாம் சர்ச்சுக்கே போவதில்லையே, எதற்குக் காணிக்கை என்று மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்துக் கிராம நிர்வாகத்தைத் திருச்சபைக் குழுக்களிடமிருந்து பிரித்து, ஓட்டு வாங்கி வருபவர்கள் கையில் கொடுத்த சட்டம் 1894-லேயே வந்துவிட்டதாம். பெயர் மட்டும் பாரிஷ் என்றே ஒட்டிக்கொண்டது. நம் ஊராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், அதில் பாதி அதிகாரம்கூடக் கிடையாது. விளையாட்டுத் திடல், பெஞ்சு, பஸ் நிழற்குடை, இடுகாடு, வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டங்கள், இவ்வளவுதான். ரோட்டுக் குழி கவுண்டியின் பொறுப்பு. வீடு கட்ட அனுமதி தருவது டிஸ்ட்ரிக்ட். பாரிஷ் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே.

சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று ஒரு மாலை ஏழரை மணிக்குக் கிராம ஹாலுக்குப் போனேன். ஆறு கவுன்சிலர்கள், ஒரு கிளார்க். பொதுமக்கள் என்று பார்த்தால் நானும், நாயோடு வந்த ஒரு பெரியவரும்தான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம் என்பதற்கு 1960-இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர், அப்போது புது எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். அந்த அம்மாவின் அரசியலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு கும்பிடு.

நாய்க்கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்பதில் அரை மணி நேரம் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் கார்கள் பறப்பதைப் பற்றி நான் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உடனே தீர்மானம் போடுவார்கள் என்று நினைத்தேன். கிளார்க் அம்மா மெதுவாகச் சொன்னார்: “நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கச் சட்டத்தில் இடமில்லை.” எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே பலகையில் ஒட்டாத விஷயத்தை யாரும் திடீரென்று நுழைத்து நிறைவேற்ற முடியாது என்றால், அது ஊரில் உள்ளவனுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அடுத்த கூட்டத்தில் அது நிரலில் இருந்தது. வேகம் காட்டும் மின்பலகை வர ஏழு மாதம் ஆனது. ஆனாலும் வந்தது.

பாரிஷ் கவுன்சில் என்றால் இங்கே பலருக்கும் நினைவு வருவது ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் கவுன்சிலர்கள் ஜூம் இணையக் கூட்டத்தில் போட்ட சண்டைதான், அந்த வீடியோவை 2021-இல் உலகமே பார்த்துச் சிரித்தது. சிரிக்கலாம். எனக்கு அந்தக் கூச்சலைவிடக் காலி நாற்காலிதான் பயம்.

இடையில் ஒரு கவுன்சிலர் விலகினால் அறிவிப்பு ஒட்டுவார்கள். 14 வேலை நாளுக்குள் 10 வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல். யாரும் கேட்காவிட்டால், இருப்பவர்களே கூடி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் யாரும் கேட்பதே இல்லை. பாதிப் பேர் இப்படி வந்தவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கொருவர் முப்பது வருடப் பழக்கம். பெரிய கவுன்சில்கள் ஓர் அளவுக்குமேல் வரியை ஏற்றினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷுக்கு அந்தக் கடிவாளத்தை இதுவரை போடவில்லை. ஓட்டே வாங்காதவர்கள் வரி போடுகிறார்கள், நாம் டிராயரில் போடுகிறோம்.

இதில் நம்மவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். வேலை விசாவில் வந்தவர்கூட உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நிரந்தர வசிப்புரிமை இருந்தால் நிற்கவும் செய்யலாம். ஊரில் கிராமசபை ஒழுங்காக நடக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் குமுறும் நண்பர்கள் எத்தனை பேர் இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறார்கள்? கேட்டேன். மூன்று பேர் ‘அப்படியா?’ என்றார்கள்.

போன வாரம் பலகையில் மறுபடியும் ஒரு காலியிட அறிவிப்பு. கடிதம் எழுதி ஒன்பது கையெழுத்து வாங்கிவிட்டேன். நாளைக் காலை நாயோடு வரும் பெரியவரைப் பிடிக்க வேண்டும்.