தள்ளுபடி பண்ணிட்டா வேலை முடிஞ்சதா?

தாலுகா ஆபீஸ்ல ஒரு பெரியவர் கத்தற வீடியோவை நேத்துல இருந்து ஆளாளுக்கு ஷேர் பண்றாங்களே, அதைப் பத்தித்தான். பெரியவர் கத்தினது தப்பாம். மூணாவது தடவையா பட்டா மாறுதல் மனு தள்ளுபடியானா மனுஷன் தாலாட்டா பாடுவார்?

அவர் கையில இருக்கிற தாளை, வீடியோவை நிறுத்திப் பாருங்க. காரணம் ஒரே வரி: "ஆவணங்கள் தெளிவாக இல்லை." எந்த ஆவணம், எந்தப் பக்கம்? மூச்!

மேலிடத்துல கேக்கிறது "எத்தனை நிலுவை?"ன்னு மட்டும்தான். தள்ளுபடி பண்ணினாலும் கணக்குல அது முடிஞ்ச மனு. அவ்வளவுதான் சூட்சுமம்.

உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைப் பிரிக்காம பேர் மட்டும் மாத்துற மனுவுக்கு சர்வேயர்கூட வேண்டாம். விஏஓ அறிக்கை, மண்டலத் துணை வட்டாட்சியர் ஒப்புதல், தீர்ந்தது. உதாரணத்துக்கு, பட்டாவுல "கந்தசாமி", பத்திரத்துல "மு.கந்தசாமி". ரெண்டும் ஒரே ஆளான்னு ஒரு போன்ல கேட்டுடலாம். போனுக்கு நேரமில்ல, தள்ளுபடிக்கு இருக்கு.

இ-சேவை மையத்து மேலயும் தப்பு உண்டு, மறுக்கல. அப்லோடு ஆகணும்னு ஸ்கேனைச் சுருக்கோ சுருக்குன்னு சுருக்குவாங்க. பத்திரத்துல நான்கெல்லை எழுதின பக்கம் கறுப்பு அப்பிக்கிட்டு நிக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் திரையில பெருசாக்கிக் காட்டச் சொல்லுங்க. சர்வே எண் படிக்க முடியலைன்னா திரும்ப ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. ஆனா மறுபடி 60 ரூபா கட்டி வரிசையில கடைசியா நிக்கிறது யாரு?

"ஒரு விஏஓ மூணு ஊரைப் பார்க்கிறார், தேர்தல் வேலை, பயிர்க் கணக்கு வேற"ன்னு வருவாய்த்துறைக்காரங்க வரிஞ்சு கட்டிட்டு வருவீங்க. நிஜம்தான். அப்ப நிலுவையில வைங்க! நிலுவை ஏறினாத்தானே ஆள் பத்தலைன்னு மேல உறைக்கும்? தள்ளுபடி பண்ணி மறைச்சா ஆப்பு உங்களுக்கும்தான்.

"அப்ப நாங்க எல்லாரும் திருடனா?" அப்படிச் சொல்லவே இல்லையே. ஆனா அதே மங்கின ஸ்கேன் டீக்கடை புரோக்கர் வழியா போனா மட்டும் பளிச்சுன்னு தெரியுதே, அந்தக் கண்ணாடி எந்தக் கடையில கிடைக்குது?

பெரியவரைத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சுக் காட்டுங்க. அடுத்த 60 ரூபாயைக் கட்ட வேண்டாம். 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல விஏஓ அறிக்கையோட நகலைக் கேட்கட்டும். 30 நாள்ல பதில் தரணும். அதுவரைக்கும் ஆறப்போடாம, தள்ளுபடி உத்தரவை வச்சு ஆர்டிஓகிட்ட (வண்டி ஆர்டிஓ இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு போடட்டும். 1983 பட்டா பாஸ்புக் சட்டம், 12-ஆவது பிரிவு. மனுவை ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போய், ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கட்டும்.

கத்த மட்டும் வேண்டாம். கத்தினாத்தான் வீடியோ எடுக்கிறாங்க.