பூனைக்குப் பால் ரூ. 340

(மதுரை, திருப்பாலை பக்கம் ஒரு வீடு. முன் அறைதான் ஆபீஸ். சனிக்கிழமை மாலை. ஆட்களுக்கு வாரக்கூலி பட்டுவாடா முடிந்து இப்போதுதான் திண்ணை காலியாகியிருக்கிறது. தாத்தா கொத்தனார். அப்பா மேஸ்திரியாக இருந்து காண்டிராக்டர் ஆனவர். மகள் சிவில் முடித்துவிட்டு இரண்டு மாதமாகக் கணக்கைப் பார்க்கிறாள். மூன்று தலைமுறையில் இந்தக் குடும்பத்தில் ஒருவர் கணக்கைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெளியே ஐப்பசி மழை. உள்ளே எங்கோ ஒரு வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம்.)

மகள்: அப்பா, உங்கள் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்.

அப்பா: கேளு தாயி.

மகள்: ஊமச்சிகுளம் சைட். சிமெண்ட் 40 மூட்டை, எம்-சாண்ட் 3 யூனிட், 8 எம்.எம். கம்பி 300 கிலோ, பூனைக்குப் பால் 340 ரூபாய்.

அப்பா: சரியாகத்தானே இருக்கிறது.

மகள்: மெட்டீரியலில் போடுவதா, லேபரில் போடுவதா என்று ஆடிட்டர் கேட்கிறார்.

அப்பா: மணல் குவியலில் பூனை குட்டி போட்டுவிட்டதம்மா. 3 யூனிட் என்றால் 300 கன அடி. ஓரமாக எங்கேயாவது போட்டிருக்கலாம். அதற்குப் பிடித்தது நட்டநடு. பார்ட்டி வீட்டம்மா இரக்க சுபாவம். குட்டி கண் திறக்கும்வரை மணலைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

மகள்: அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகுமே!

அப்பா: அதேதான். பூச்சு ஆட்கள் நாலு பேர் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு பூனையைப் பார்க்கிறார்கள். பூனை அவர்களைப் பார்க்கிறது. கூலி மட்டும் ஓடுகிறது. நான் ஒரு தட்டில் பாலை ஊற்றி, வேளைக்கு இரண்டடி, இரண்டடியாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். நாலாம் நாள் பூனையே குட்டிகளைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் காலி மனைக்குப் போய்விட்டது. வீட்டம்மாவுக்கும் மனக்கஷ்டம் இல்லை.

மகள்: அப்படியென்றால் இது...

அப்பா: ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. அதில் போடு.

(போன் அடிக்கிறது. அப்பா எடுத்துப் பார்த்துவிட்டுக் கட் செய்கிறார்.)

மகள்: யாரப்பா?

அப்பா: வீடு. உன் அம்மாதான். அப்புறம் பேசினால் போயிற்று.

மகள்: பார்ட்டி போன் என்றால் மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்று எனக்கு முதல் நாள் சொன்னீர்களே.

அப்பா: அது பார்ட்டிக்கு. உன் தாத்தா காலத்தில் போன் ஏது? வாசலில் பார்ட்டி ஆள் வந்து நின்றால் சாப்பிடுகிற கையோடு எழுந்து வருவார். அந்தச் சோற்றுக் கையில்தான் நமக்கு இந்தப் பேர் வந்தது. இன்றுவரை ஒரு விளம்பரம் கொடுத்திருக்கிறோமா? ஒரு வீட்டுக்காரர் சொல்லி அடுத்த வீடு, அவர் சொல்லி அவர் மச்சினன் வீடு.

மகள்: சரி. அடுத்தது. டார்ச் லைட் 450, நாய் பிஸ்கெட் 60.

அப்பா: அமெரிக்கா பார்ட்டி. நியூ ஜெர்சியில் இருக்கிறார். மாலை நாலரைக்கு எனக்கு ஓய்வு, வீடியோவில் வீட்டைக் காட்டுங்கள் என்றார்.

மகள்: அங்கே நாலரை என்றால் இங்கே ராத்திரி 2 மணி.

அப்பா: அதனால்தானே டார்ச்! சுவரைக் காட்டினேன். கோணலாக இருக்கிறது என்றார்.

மகள்: இருந்ததா?

அப்பா: என் கைதான் கோணல். ஒரு கையில் போன், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் டார்ச். போனை நிமிர்த்திப் பிடித்தால் டார்ச் சாய்கிறது, டார்ச்சை நிமிர்த்தினால் வீடே சாய்கிறது. சரி என்று மேலே ஒரு ஆணியை அடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். மனுஷன் பொய் சொல்லலாம், குண்டு சொல்லுமா?

மகள்: ஒப்புக்கொண்டாரா?

அப்பா: காற்றில் குண்டு ஆடியது. மதுரையில் பூகம்பமா என்று கேட்டார்.

மகள்: நாய் எங்கே வந்தது இதில்?

அப்பா: கட்டி முடிக்காத வீட்டில் ராத்திரி 2 மணிக்கு ஒருவன் டார்ச் அடித்து, ஆணி அடித்து, 'நேராகத்தான் சார் இருக்கு, நல்லாப் பாருங்க' என்று கத்தினால் தெரு நாய் என்ன நினைக்கும்? ஐந்து நாய். சாரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பார்ட்டி அதையும் பார்த்தார். அப்படியே சன்ஷேடைக் காட்டுங்கள் என்றார். பிஸ்கெட் மறுநாள் கணக்கு. மறுநாளும் வீடியோ இருந்தது.

(மகள் 'கள ஆய்வு' என்று தட்டச்சு செய்து அதில் 510 ரூபாயைப் போடுகிறாள். ஆடிட்டர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.)

மகள்: விளாங்குடி பார்ட்டிக்குத் தள்ளுபடி 2,000. காரணம் என்ற இடத்தில் 'டெல்லி' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா: செப்டம்பர் 22-ஆம் தேதி சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது அல்லவா? 23-ஆம் தேதி காலை 6 மணிக்குப் போன். 'பத்து குறைந்திருக்கிறதே, என் வீட்டுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?'

மகள்: அவர் வீட்டுக்கு ஜூலையிலேயே தளம் போட்டாயிற்றே!

அப்பா: சொன்னேன். 'தளம் போனால் போகட்டும், பூச்சு இனிமேல்தானே?' என்றார். நியாயம்தான். பூச்சுக்கு 60 மூட்டை வேண்டும். உட்கார்ந்து பத்து சதவீதம் கழித்துக் கொடுத்தேன்.

மகள்: அப்பா! 100 ரூபாய்ச் சரக்கு வரியோடு 128 ஆக இருந்தது, இப்போது 118. நாம் கடையில் கொடுக்கிற விலையில் குறைந்தது நூற்றுக்கு 8 கூட இல்லை. நீங்கள் பத்தைக் கழித்திருக்கிறீர்கள்.

அப்பா: தெரியும்.

மகள்: தெரிந்துமா?

அப்பா: அவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரம்மா. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷனிடம் போய் உங்கள் கணக்குத் தப்பு என்றா சொல்வது?

(மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாளியில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.)

மகள்: இது பெரிய தொகை. பந்தல் வாடகை 6,500. யாருக்குக் கல்யாணம்?

அப்பா: ஒத்தக்கடை பார்ட்டி. தளம் போட்டுப் பதினோராம் நாள் கிரகப்பிரவேசம் குறித்துவிட்டார்கள். வைகாசியின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆனி ஆகாது, ஆடி ஆகாது, ஆவணிதான். மாமியார் பார்த்த நாள் என்பதால் மாற்றவும் முடியாது. பார்ட்டி என்னைக் கூப்பிட்டு, 'அன்றைக்குள் முட்டை எடுத்துவிடுங்கள்' என்றார்.

மகள்: கிரகப்பிரவேச வீட்டில் முட்டையா?

அப்பா: முட்டு! தளம் இறுகும்வரை கீழே தாங்கி நிற்கிற சென்ட்ரிங் முட்டு. நீ படித்த படிப்புக்கு...

மகள்: சரி, சரி. ஹால் எத்தனை அடி?

அப்பா: 16.

மகள்: முடியவே முடியாதே! நாலரை மீட்டர் வரைதான் 7 நாள். அதைத் தாண்டினால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். கான்கிரீட்டுக்கான விதிப் புத்தகம் ஐ.எஸ். 456-இல் இருக்கிறது.

அப்பா: உன் தாத்தா அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் 15 அடிக்கு மேல் போனால் இரண்டு வாரம் தொடாதே என்பார்.

மகள்: அப்படியென்றால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பார்ட்டியிடம் முடியாது என்று சொன்னீர்களா?

அப்பா: முடியாது என்று எப்படிச் சொல்வது? 'எடுத்துவிடலாம் சார். எடுக்கும்போது ஹால் நடுவில் நீங்களும் மாமியாரும் நிற்க வேண்டும்' என்றேன்.

மகள்: என்ன சொன்னார்?

அப்பா: கொஞ்சம் யோசித்தார். 'நான் அவசியம் நிற்க வேண்டுமா?' என்று கேட்டார்.

மகள்: அப்புறம்?

அப்பா: அப்புறம் டேப்பை எடுத்து அளந்தேன். அடுப்படி 10 அடி, நாலு பக்கமும் சுவர், தளம் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே பதினோராம் நாள் முட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. அதை மட்டும் காலி பண்ணி அங்கேயே பால் காய்ச்சினார்கள். ஹாலுக்குள் ஆளை விடாமல் கயிறு கட்டிவிட்டேன். வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டாமா? வாசலில் பந்தல், நம் செலவு. அந்த மாமியார் இருக்கிறாரே, கயிற்றுக்கு வெளியே நின்று எட்டின முட்டுக்கெல்லாம் மாவிலை கட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துவிட்டார். 15-ஆம் நாள் சென்ட்ரிங் பையன்கள் முட்டைத் தட்டுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள்.

மகள்: 6,500 ரூபாய்!

அப்பா: அந்த மாமியார் இதுவரை நமக்கு மூன்று வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார். எந்த டி.வி. அந்த ரேட்டில் விளம்பரம் போடும்?

(இது கொஞ்சம் உண்மைதான். மகளுக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று வீட்டு நோட்டையும் அவள் இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாக இருக்கிறது.)

மகள்: எல்லாம் சரிப்பா. ஒரு நேரம் காலம் வேண்டாமா? காலை 9 முதல் மாலை 6 வரை என்று ஒரு போர்டு மாட்டலாம். வாஸ்து புருஷனையே பாருங்கள். வருஷத்தில் எட்டு நாள்தான் விழிக்கிறார். அதுவும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் தேய்த்து, குளித்து, பூஜை பண்ணி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுகிறார். வீடு கட்டுகிற தொழிலுக்கே அவர்தான் முதலாளி.

அப்பா: அவர் நம்பர் பார்ட்டியிடம் இல்லை, படுக்கிறார்.

மகள்: சரி, புகார் நோட்டையாவது பார்ப்போம். நான் புதிதாகப் போட்டது. போன் வந்த நேரம், என்ன புகார், யார் போகிறார்கள், எல்லாம் எழுத வேண்டும். நேற்று மாலை ஒன்று. நீங்கள் பேசியது. மொட்டைமாடியில் பதித்த ஓடு விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்குகிறது, படுக்கிற அறையில் வாளி வைத்திருக்கிறார்கள்.

அப்பா: ஆமாம், பாவம் அந்த அம்மா. ஆறு வருஷமாகச் சொல்கிறாராம். கட்டினவன் ஏறிப் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்கிறானாம், ஏறவே இல்லையாம். எனக்கே ஆத்திரம் வந்துவிட்டது. 'அவனெல்லாம் ஒரு காண்டிராக்டரா?' என்று கேட்டேன்.

மகள்: அதற்கு அவர்?

அப்பா: 'நல்லவேளை, நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார்' என்றார். அவர் கஷ்டம் எனக்குப் புரியாதா? நம் வீட்டிலும் வாளி வைத்துக்கொண்டுதானே படுக்கிறோம்.

மகள்: எப்போது வருவதாகச் சொன்னீர்கள்?

அப்பா: நாளைக் காலை 7 மணி. ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது, பரவாயில்லை, நானே கரணையோடு வந்து நிற்பேன் என்றேன். அட்வான்ஸ்கூட வேண்டாம் என்றுவிட்டேன்.

மகள்: முகவரி வாங்கினீர்களா?

அப்பா: உன்னிடம் சொல்வதாகச் சொன்னார்.

மகள்: சொன்னார்.

(நோட்டைத் திருப்பி வைக்கிறாள். அப்பா படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிக்கிறார்.)

அப்பா: நம் தெரு மாதிரி இருக்கிறதே.

மகள்: நம் தெருதான்.

அப்பா: கதவு எண்...

மகள்: வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?

அப்பா: வேண்டாம், மழை பெய்கிறது. ஆனால் அது தெரியாத நம்பராக இருந்ததே!

மகள்: எதிர்வீட்டு அத்தை போன். 'வீடு' என்று வந்தால்தான் கட் ஆகிவிடுகிறதே.

அப்பா: குரலில்கூடத் தெரியவில்லையே.

மகள்: இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற குரல், அப்பா.

அப்பா: வரிக்கு வரி 'சார், சார்' என்று பேசினாள். என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினால் அது அவள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வேறு டைல்ஸ் கடைக்கு வருவதாக ஒருவரிடம்...

மகள்: ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் கடையா? பார்ட்டிக்குக் காலை 7 மணி என்று சொல்லியிருக்கிறீர்கள். நோட்டில் ஏறிவிட்டது.

(போன் அடிக்கிறது. அதே தெரியாத நம்பர். ஒரு மணி. அப்பா மகளைப் பார்க்கிறார். இரண்டாவது மணி. மகள் நோட்டைப் பார்க்கிறாள். மூன்றாவது மணி முடிவதற்குள் அப்பா எடுத்துவிடுகிறார்.)

அப்பா: (எழுந்து நின்று) சொல்லுங்கம்மா... ஆமாம்மா, 7 மணிக்கு... நானேதாம்மா வருகிறேன்... ஐயோ, டீயெல்லாம் வேண்டாம்மா, நாங்களே கடையில் பார்த்துக்கொள்வோம்... சரிம்மா... சரிங்கம்மா.

(வைக்கிறார்.)

மகள்: என்னவாம்?

அப்பா: வரும்போது கறிவேப்பிலையும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கிவரச் சொல்கிறார்.

மகள்: வாங்குவீர்களா?

அப்பா: (குடையைத் தேடிக்கொண்டே) பார்ட்டி கேட்கிறார்களே. மெட்டீரியலில் எழுதிக்கொள்.